நம்பிக்கையும் விடுதலையும்: கறுப்பின மக்களின் திருச்சபையும் ஜொகூர்த் தோட்டக் கோயிலும்

முன்னுரை

தமிழில் 'ஆள்' என்னும் வேர் இரு வேறு உலகங்களுக்குச் சொல் தந்துள்ளது. நிலத்தை உடையவன் 'ஆண்டை' எனப்பட்டான். உலகை உடையவன் 'ஆண்டவன்' எனப்பட்டான். பண்ணையில் உழைத்தவன் ஆளும் அடிமையும் ஆனான். இறைவனிடம் தன்னை ஒப்படைத்தவனும் தன்னை ஆள் என்றும் அடிமை என்றுமே சொல்லிக்கொண்டான். பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட பகுதியில், இறைவன் முதிய வேதியராக வந்து ஆளோலை ஒன்றைக் காட்டி, சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என வழக்காடி வெல்கிறார். ஆளோலை என்னும் வழக்கம் மண்ணில் இருந்தமையால்தான் இக்கதை கேட்டோர்க்கு விளங்கியது. அதே நூலில், சிவனுக்கே ஆளான தாம் வேறெவர்க்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று திருநாவுக்கரசர் பல்லவ மன்னனின் ஆணையை மறுக்கிறார்.

இறைவனுக்கு அடிமையாதல் மனிதனுக்கு அடிமையாதலை நியாயப்படுத்துமா, மறுக்குமா என்னும் வினா, ஆகவே, நம் சமய மரபுக்குள்ளேயே எழுந்து நிற்பதாகும். இதே வினாவை அமெரிக்காவிலும் கரிபியத் தீவுகளிலும் அடிமைப்பட்ட கறுப்பின மக்கள் தம் உயிரையே பணயமாக வைத்து எதிர்கொண்டனர். அவர்தம் அனுபவத்தை ஜொகூர் மாநிலத் தோட்டத் தமிழரின் சமய வாழ்வோடு ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிமைமுறையும் ஒப்பந்தமுறையும்

ஒப்பிடுவதற்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். மலாயாத் தமிழ்த் தொழிலாளர் சட்டப்படி அடிமைகள் அல்லர். அமெரிக்க அடிமைமுறையில் மனிதன் விற்கவும் அடகு வைக்கவும் தக்க உடைமையாக இருந்தான். தாயின் நிலையே பிள்ளைக்கும் என 1662-இல் வர்ஜீனியா விதித்த சட்டத்தால் அடிமைத்தனம் பிறப்போடு வந்தது. ஒப்பந்தக் கூலிக்குக் கால வரையறை இருந்தது. அவன் பிள்ளை அடிமையாகப் பிறக்கவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து இரண்டும் ஒன்றே என்பது இருசாரார் வரலாற்றுக்கும் நீதி செய்வதாகாது.

எனினும் இரண்டும் தொடர்பற்றவையும் அல்ல. பிரித்தானிய நாடாளுமன்றம் 1833-இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண்டு அடிமைகளை உடையோர்க்கே சென்றது. அடிமைப்பட்டோர்க்கு ஒன்றும் கிட்டவில்லை. மாறாக, 1838 வரை அவர்கள் 'பயிற்சித் தொழிலாளர்' என்னும் பெயரில் பழைய முதலாளிகளிடமே உழைக்க வேண்டியிருந்தது. அதே 1838-இல், கறுப்பின மக்கள் முழு விடுதலை பெறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், விட்பி, எஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் இந்தியக் கூலிகளைப் பிரித்தானியக் கயானாவில் இறக்கின. கரும்புத் தோட்டத்தில் ஓரினத்தார் விட்டுச்செல்லவிருந்த இடத்திற்கு மற்றோரினத்தார் கொண்டுவரப்பட்டனர். இம்முறை புதியதோர் அடிமைமுறையாக முடியலாம் என்று 1840-இல் பிரித்தானிய அமைச்சர் ஜான் ரஸ்ஸல் பிரபு அஞ்சினார். அத்தொடரையே வரலாற்றறிஞர் ஹியூ டிங்கர் 1974-இல் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார்.

1833-ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. இந்தியாவில் 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமே அடிமைத்தனத்திற்கு நீதிமன்ற ஆதரவை விலக்கியது. பண்ணையடிமை வாழ்வின் நினைவு மறையாத சிற்றூர்களிலிருந்தே பலர் கப்பலேறினர். இவ்விரு வரலாறுகளையும் இணைத்துக் கண்ட முன்னோடிகளுள் ஒருவர் மராட்டியச் சீர்திருத்தவாதி சோதிராவ் புலே ஆவார். அவர் 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்குத் துணைநின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

கறுப்பின மக்களின் நம்பிக்கை: இரு வேதங்கள்

அடிமைகளுக்குச் சமயம் கற்பித்த முதலாளிகள், கீழ்ப்படிதலைப் போதிக்கும் பகுதிகளையே கற்பித்தனர். 1807-இல் இலண்டனில் அச்சிடப்பட்டு 'அடிமைகளின் வேதாகமம்' என இன்று அறியப்படும் பதிப்பில், இசுரவேலர் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து வெளியேறும் வரலாறு நீக்கப்பட்டிருந்தது. எதை நீக்கினர் என்பதே எதற்கு அஞ்சினர் என்பதைக் காட்டுகிறது.

நீக்கிய பகுதியை மக்கள் வேறு வழியில் பெற்றனர். இரவில் காட்டிலும் பள்ளத்தாக்கிலும் மறைவாகக் கூடி, வாய்மொழியாகவும் பாட்டாகவும் அக்கதையைத் தமதாக்கினர். இம்மறைவான வழிபாட்டை ஆய்வாளர்கள் 'கண்ணுக்குத் தெரியாத நிறுவனம்' எனக் குறிப்பர். ஆல்பர்ட் ரபோட்டோ 1978-இல் வெளியிட்ட அடிமைச் சமயம் பற்றிய நூல் இதனை விரிவாக ஆராய்கிறது. கானான் நாடு அவர்களுக்கு மறுமை உலகம் மட்டுமன்று. வடக்கே அடிமைத்தனம் இல்லாத நிலமும் ஆகும். தப்பியோடுவோர்க்கு வழிகாட்டிய ஹேரியட் டப்மனை மக்கள் 'மோசே' என அழைத்ததன் பொருள் இதுவே.

நம்பிக்கை செயலாக மாறிய இடங்கள் பல. ஹெயிட்டியில் 1791 ஆகஸ்டில் புவா கைமான் என்னுமிடத்தில் நிகழ்ந்த வூடூ வழிபாட்டுக் கூட்டம், அப்பெருங்கிளர்ச்சியின் தொடக்கமாக நினைவுகூரப்படுகிறது. 1804-இல் அந்நாடு விடுதலை பெற்றது. ஜமைக்காவில் பாப்டிஸ்ட் சபை ஊழியரும் அடிமையுமான சாமுவேல் ஷார்ப், 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப்பின் கூலியின்றி வேலைக்குத் திரும்புவதில்லை என்னும் உறுதிமொழியை வழிபாட்டுக் கூட்டங்கள் வழியாகவே பரப்பினார். வேலைநிறுத்தம் கிளர்ச்சியாக மாறியது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். 1832 மே மாதத்தில் ஷார்ப்பும் தூக்கிலிடப்பட்டார். அடிமை ஒழிப்புச் சட்டம் அடுத்த ஆண்டே நிறைவேறியமை தற்செயலன்று என்பது வரலாற்றறிஞர் பலரின் கருத்து. வர்ஜீனியாவில் 1831-இல் போதகர் நாட் டர்னர் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்குப்பின், கறுப்பினத்தவர் சமயப் பிரசங்கம் செய்வதையே அம்மாநிலம் தடைசெய்தது.

தப்பி வந்து எழுத்தாளராகவும் சொற்பொழிவாளராகவும் விளங்கிய பிரெடரிக் டக்லஸ், 1845-இல் வெளியிட்ட தம் வரலாற்றின் பின்னிணைப்பில், அடிமைகளை உடையோரின் சமயம் வேறு, கிறிஸ்துவின் சமயம் வேறு எனத் திட்டவட்டமாகப் பிரித்தார். ஒரே வேதம் இரு வேதங்களாகப் படிக்கப்பட்டமையே இவ்வரலாற்றின் சாரம் எனலாம்.

நந்தனின் விண்ணப்பம்

நம் மரபில் இதற்கு நெருங்கிய கதை நந்தனுடையது. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் வரலாற்றில் கொடிய ஆண்டை ஒருவர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் வேதியராகிய பண்ணையாரைப் படைத்தார். நந்தன் தில்லைக்குச் செல்ல விடை கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்தபின் செல்லலாம் என்கிறார் ஆண்டை. ஓரிரவில் இறையருளால் பயிர் விளைந்துவிடுகிறது. வழிபடச் செல்வதற்கு விடுப்பு வேண்டும் ஓர் அடிமையின் கதை இது. பாரதியாரின் காலத்துப் பண்ணையடிமை முறை இதில் நேராகப் பதிவாகியுள்ளது.

யாத்திராகமத்தோடு இக்கதையை வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். வழிபடச் செல்ல விடுமாறு கேட்டே மோசேயும் பார்வோன் முன் நிற்கிறார். ஆனால் அங்கே ஓர் இனமே வெளியேறுகிறது. இங்கே ஒருவன் மட்டும் செல்கிறான். சேரியும் பண்ணையும் இருந்தவாறே இருக்கின்றன. அவனும் தீயில் மூழ்கி, பழைய உடலை நீத்து, முனிவர் உருவம் பெற்றே தில்லைக்குள் நுழைகிறான். மதுரைவீரன், காத்தவராயன் ஆகிய நாட்டார் தெய்வங்களின் கதைகளும் இவ்வாறே அமைகின்றன. சாதி எல்லையையும் அதிகாரத்தையும் மீறிய வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டோ கழுவேற்றப்பட்டோ மடிகிறான், மடிந்தபின் தெய்வமாகிறான். அதிகாரத்தால் கொல்லப்பட்டவனை வணங்குவதில் ஆழ்ந்த நீதியுணர்வு உண்டு. எனினும் 'நாம் அனைவரும் வெளியேறுவோம்' என்னும் கதைவடிவம் அவற்றில் இல்லை. தோட்டத் தமிழர் கடல்கடந்து கொண்டுவந்த சமயச் செல்வம் பெரிதும் இத்தகையதே.

ஜொகூர்த் தோட்டமும் கோயிலும்

கம்பீர், மிளகு ஆகியவற்றின் மாநிலமாக இருந்த ஜொகூர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் மாநிலமாக மாறியது. 1909-இல் கெமாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இரயில் பாதை நிறைவுற்றது. 1914-இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகரை ஏற்றது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது 1910-இல் தடைசெய்யப்பட்டமையால், ஜொகூருக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் கங்காணி முறையில் வந்தவர்களே. இந்திய அரசு 1938-இல் தடைவிதிக்கும்வரை இம்முறை நீடித்தது. சட்டத் தளை தளர்ந்தபின் கடன், தலைக்காசு, உறவு, சாதி ஆகிய தளைகள் எஞ்சின. ஒரே ஊரார், ஒரே உறவினர் எனக் கங்காணி அழைத்து வந்தமையால், அவனை எதிர்ப்பது ஊரை எதிர்ப்பதாக ஆயிற்று.

லயத்திற்கு அருகே மாரியம்மன், தோட்ட எல்லையில் முனீசுவரன், மரத்தடியில் மதுரைவீரன் அல்லது காளியம்மன் எனத் தெய்வங்கள் இடம்பெற்றன. கோயில் கட்ட நிருவாகங்கள் இடம் கொடுத்தன, பொருளுதவி செய்தன, சம்பளத்திலிருந்து கோயில் வரியைப் பிடித்துத் தந்தன, திருவிழாவிற்கு விடுமுறையும் அளித்தன. இது பக்தியால் மட்டும் நிகழ்ந்ததன்று. கோயில் உள்ள தோட்டத்தில் தொழிலாளர் நிலைத்துத் தங்குவர் என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். திருவிழாவில் முதல் மரியாதை துரைக்கும் பெரிய கிராணிக்கும் கங்காணிக்கும் வழங்கப்பட்டது. பெரட்டுக் களத்தின் படிநிலை கோயில் முற்றத்திலும் தொடர்ந்தது. சாதிக்கேற்ப லயங்கள் பிரிக்கப்பட்ட தோட்டங்களில் வழிபாடும் பிரிந்தே இருந்தது. இவ்வகையில் கோயில் தளையின் ஒரு கண்ணியாகச் செயற்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் இது பாதி உண்மையே. செக்ரோல் புத்தகத்தில் நாட்கூலிக் கணக்காக இருந்தவர், தெய்வத்தின் முன் தம் பெயரோடும் தம் வேண்டுதலோடும் நின்றார். நாள்தோறும் மற்றவர் ஆணைப்படி இயங்கிய உடல், காவடி எடுத்தபோதும் தீமிதித்தபோதும் தன் நேர்த்திக்கடனின்படி இயங்கியது. அயலார் இதனை மூடப்பழக்கம் என்றனர். செய்தவர்க்கோ தன் உடல் தனக்குரியது என்பதற்கு ஆண்டுக்கொருமுறை கிடைத்த சான்றாக அது இருந்தது. அன்றியும், பக்கத்துத் தோட்டத்தாரைச் சந்திக்கவும், கூலி எங்கே எவ்வளவு என்று அறியவும், பெண் கொள்ளவும் கொடுக்கவும் வாய்த்த நாள் திருவிழா நாளே. கணக்கு எழுதுதல், வரவு செலவை அவையில் படித்தல், தலைவரைத் தேர்தல் ஆகியவற்றை எளிய தொழிலாளர் பலர் முதன்முதலில் பயின்ற இடம் கோயில் குழுவேயாகும். ஷார்ப்பின் வழிபாட்டுக் கூட்டத்திற்கும் இக்குழுவிற்கும் அளவில் வேறுபாடு உண்டு. தன்மையில் உறவு உண்டு.

சீர்திருத்தமும் சங்கமும்

கறுப்பின வரலாற்றில் விடுதலைக் குரல் பெரிதும் திருச்சபைக்குள்ளிருந்து எழுந்தது. மலாயாவிலோ அக்குரலின் வலிமையான பகுதி சமயத்தைக் கேள்வி கேட்டவர்களிடமிருந்து வந்தது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மேற்கொண்ட மலாயாப் பயணம் சாதியொழிப்புக்கும் சுயமரியாதைக்கும் ஊக்கமளித்தது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது; கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார். தீமிதித்தல், உயிர்ப்பலி, கள் ஆகியவற்றைச் சீர்திருத்தவாதிகள் கடுமையாக எதிர்த்தனர்.

கள் பற்றிய போராட்டம் இங்குத் தனிக் கவனத்திற்குரியது. தோட்டத்துக் கள்ளுக்கடை கூலியைத் திரும்ப விழுங்கும் வாயாக இருந்தது. அதே கள் காவல் தெய்வங்களுக்குப் படையலாகவும் இருந்தது. ஆகவே கள்ளை விலக்குவது பொருளாதாரப் போராட்டமாக மட்டுமன்றி வழிபாட்டுத் திருத்தமாகவும் அமைந்தது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுதல், தொழிலாளர் வீட்டுப் பெண்களின் மானங்காத்தல், துரைமார் எதிரே சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் ஆகிய கோரிக்கைகளும் வைக்கப்பட்டன. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர், நாதன் நாடுகடத்தப்பட்டார். இக்கோரிக்கைகளுள் மானம் பற்றியவை எத்தனை என எண்ணிப் பார்ப்போர், இது கூலிப் போராட்டம் மட்டுமன்று என்பதை உணர்வர்.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில், 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதைக்காக 1942-43-இல் மலாயாத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். உண்மையான அடிமை உழைப்பு என்று தயக்கமின்றிக் கூறத்தக்கது இதுவே. போருக்குப்பின் 1946-47-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்தியது; 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. நம்பிக்கையுள்ளோரும் மறுத்தோரும் இவ்வியக்கங்களில் ஒருங்கே நின்றனர் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.

சாவியும் நிலமும்

இவ்விரு வரலாறுகளும் முற்றிலும் பிரியும் இடம் ஒன்றுண்டு. அடிமையாகப் பிறந்து தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்ற ரிச்சர்ட் ஆலன், பிலடெல்பியாவில் வெள்ளையர் ஆலயத்தில் கறுப்பினத்தவர் இழிவுபடுத்தப்பட்டமையால் வெளியேறியோருள் ஒருவர். அவர் 1794-இல் பெத்தேல் ஆலயத்தை நிறுவினார். அவ்வாலயத்தின் சொத்தும் பிரசங்க மேடையும் யாருக்கு உரியவை என்னும் வழக்கு நீதிமன்றம் சென்றது. 1816-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஆலனின் சபையாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் திருச்சபை தனி அமைப்பாயிற்று. சாவி தம் கையில் இருந்தமையால் அவ்வாலயம் பள்ளியாகவும் தப்பியோடி வந்தோர்க்குப் புகலிடமாகவும் அமைய முடிந்தது.

தோட்டக் கோயில்களைத் தொழிலாளர் தம் உழைப்பால் கட்டினர், நிலமோ கம்பெனியுடையது. பெரும்பாலான கோயில்களுக்கு நிலப்பட்டா இல்லை. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் ரப்பர் காடுகள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம்விட்டபோதும், இக்குறை பேரிடராக வெளிப்பட்டது. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளரையே தோட்ட உடைமையாளராக்க முனைந்தது இந்நிலையை மாற்றும் பெருமுயற்சியாகும். ஆயினும் எல்லாத் தோட்டங்களையும் அது எட்ட இயலவில்லை. தெப்ராவ், ரினி, உலு ரெமிஸ் முதலிய தோட்டப் பெயர்கள் இன்று ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் நிலைத்துள்ளன. தோட்டம் போனபின் கோயிலும் பள்ளியுமே அவ்வூரின் எஞ்சிய ஆவணங்கள்.

நகர்க் கோயில்களின் வரலாறு வேறாக அமைந்தது. ஜொகூர் பாருவில் 1911-இல் தோன்றிய இராஜமாரியம்மன் கோயிலும், 1922-இல் சிறு குடிலாகத் தொடங்கிப் பின்னர்க் கண்ணாடிக் கோயிலாகப் பொலிவு பெற்ற இராஜகாளியம்மன் கோயிலும் இன்றும் நின்று விளங்குகின்றன. எளிய தொடக்கம் அழிவுக்குக் காரணமன்று. நிற்பதற்கு உரிமையுள்ள இடம் இன்மையே காரணம் என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகிறது.

முடிவுரை

சமயம் அடிமைத்தளையா, விடுதலைக் கருவியா என்று பொதுவாக வினவுவது பயன்தராது. பிரசங்க மேடையில் நிற்பவர் யார், கதையின் எப்பகுதி மறைக்கப்படுகிறது, யார் வாசலில் நிறுத்தப்படுகின்றனர், சாவியும் நிலமும் யாருடையவை ஆகிய நான்கு வினாக்களே பயன்தருவன. இவற்றை ஜமைக்காவின் வழிபாட்டுக் கூட்டத்திற்கும் கேட்கலாம். தில்லை வாசலுக்கும் கேட்கலாம். ஜொகூர்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் கேட்கலாம்.

தமிழாசிரியர்கள் இவ்வினாக்களை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லலாம். நந்தனார் கதையைப் பயிற்றும்போது, அவன் ஏன் விடுதலையைக் கேட்காமல் விடுப்பை மட்டும் கேட்டான் என்று மாணவரைச் சிந்திக்கத் தூண்டலாம். தத்தம் ஊர்க் கோயிலின் நன்கொடைப் பலகை, பழைய திருவிழா அழைப்பிதழ், கணக்குப் புத்தகம் ஆகியவற்றைப் படியெடுக்கச் செய்யலாம். கோயில் எங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தது எனத் தாத்தா பாட்டியரைக் கேட்டு எழுதச் செய்யலாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது. அவர்கள் ஆண்டையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அவர்கள் ஆண்டவனிடம் வேண்டியவற்றிலிருந்தும் நாம் அறியலாம். அவ்வேண்டுதல்கள் எந்தக் கம்பெனி ஆவணத்திலும் இல்லை; சொல்பவர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் நம் கடமையாகும்.